விடியற்காலையில் வருபவர்கள்

பேய்ப்படங்களைப் பற்றிய கட்டுரைக்கு முற்போக்கு ஏடொன்றில் என்ன வேலை என்று நண்பர் சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. பேயும் பூதமும் மக்களை மருட்டி, அவர்தம் துன்பங்களின் உண்மைக் காரணங்களை மறைப்பதற்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தவை. அவற்றைத் திரையிற் காட்டிப் பணம் பண்ணும் ஹொலிவூட் முதலாளிகளுக்கு நாம் விளம்பரம் செய்ய வேண்டிய கடப்பாடும் இல்லை. இவ்வாறு கூறி இவ்வகைப் படங்கள் யாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, 'நசிவுக் கலை' என்று முத்திரை குத்தி மூலையில் எறிந்துவிடலாம். அது மிக எளிது. அத்துணை எளிதாக இருப்பதே அத்தீர்ப்பின்மேல் எனக்குள்ள முதல் ஐயமாகும்.

ஆண்டுதோறும் ஒக்ரோபர் 31ஆந் திகதி இரவு அமெரிக்காவிற் கொண்டாடப்படும் ஹலோவீன், கிறித்தவர்கள் புனிதர் அனைவரையும் நினைவுகூரும் திருநாளுக்கு முந்திய இரவாகும். அதன் பழைய வேர்களோ அயர்லாந்தின் கெல்ற்றிய மக்கள் அறுவடை முடிவிற் கொண்டாடிய விழாவில் இருப்பதாகக் கூறுவர். 1845 இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது பிறந்த மண்ணில் வாழ வழியின்றிக் கப்பலேறிய ஐரிஷ் ஏழைகள் தம் பசியோடு இவ்விழாவையும் அமெரிக்காவுக்குக் கொண்டு சென்றனர். ஊரிலே டேர்னிப் கிழங்கைக் குடைந்து விளக்கேற்றியவர்கள் புதிய நாட்டிலே பூசணிக்காயைக் குடைந்தார்கள். பஞ்சத்தால் விரட்டப்பட்டோர் சுமந்து சென்ற விழா இன்று மிட்டாய்க் கம்பனிகளுக்கும் முகமூடி வியாபாரிகளுக்கும் அறுவடைக் காலமாகிவிட்டது. அன்றிரவு சிறுவர்கள் பேய்வேடம் பூண்டு வீடு வீடாகக் கதவைத் தட்டி இனிப்புக் கேட்பர். வீட்டார் கதவைத் திறந்து கொடுக்க வேண்டும். கதவு தட்டப்படுதலும் திறக்கப்படுதலுமான இந்த வழக்கத்தை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்க. பின்னர் அது தேவைப்படும்.

விழாவுக்கு முந்திய வாரங்களில் அங்குள்ளோர் விரும்பிப் பார்க்கும் படங்கள் சில உண்டு. தலைமுறை தலைமுறையாகப் பார்க்கப்பட்டு, ஏறத்தாழ ஒரு சடங்கின் நிலையை அவை எய்திவிட்டன. அவற்றிற் சிலவற்றை அண்மையில் ஒருசேரப் பார்த்தேன். பூதம் யார், அது எதன் குறியீடு என்று ஆராய்வதே நம் விமர்சகரின் வழக்கம். அவ்வழி சென்றால் ஒவ்வொரு பூதத்துக்கும் ஒரு வாய்பாட்டு விடை கிடைத்துவிடும், படம் கிடைக்காது. அதனிலும் பயனுள்ள வினா வேறொன்று என்று எனக்குப் படுகிறது. கதை முடியும் தறுவாயில், பூதத்திடமிருந்து மனிதரைக் காப்பதற்கென்று வருபவர் யார்? அவர் வந்ததும் நமது அச்சம் தீர்கிறதா, பெருகுகிறதா?

முதலில் 'பிராங்கன்ஸ்ரைன்'. பொருளாதாரப் பெருமந்தம் அமெரிக்கத் தொழிலாளரைத் தெருவில் நிறுத்தியிருந்த 1931 இல் யூனிவேர்சல் நிறுவனம் வெளியிட்டது. நெறியாளர் ஜேம்ஸ் வேல் இங்கிலாந்தின் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்து, முதலாம் உலகப் போரிற் போரிட்டு, ஜேர்மனியரிடம் சிறைப்பட்டு மீண்டவர். மேரி ஷெல்லி 1818 இல் வெளியிட்ட நாவலில் அந்தப் படைப்பு பேசும், மில்ற்றனைப் படிக்கும், தன்னைப் படைத்துக் கைவிட்டவனோடு நேருக்கு நேர் வழக்காடும். திரைப்படமோ அதன் நாவைப் பிடுங்கிவிட்டது. இது சிறிய மாற்றமன்று. வழக்குரைக்கும் ஒருவனை உறுமும் விலங்காக்கிவிட்டால் அவனை எரிப்பதற்கு வேறு நியாயம் வேண்டியதில்லை. போதாக்குறைக்கு, ஆய்வறிஞனின் உதவியாளன் நல்ல மூளை இருந்த பாத்திரத்தை நழுவவிட்டுக் குற்றவாளி ஒருவனின் மூளையைத் திருடி வருவதாகவும் கதை புனைந்தார்கள். குற்றம் சமூகத்தில் விளைவதன்று, மண்டையோட்டுக்குள் பிறவியிலேயே அமைந்தது என்னும் பிற்போக்குவாதம் இது. நாவலில் இதற்கு இடமில்லை.

இத்தனை குறையிருந்தும் படம் சாகவில்லை. அதற்குக் காரணம் பொறிஸ் கார்லொவ் என்னும் நடிகரே. கூரை திறந்து முதன்முதலாக ஒளி விழும்போது, அந்த உருவம் இரு கைகளையும் மெல்ல உயர்த்தி ஒளியைப் பற்ற முயல்கிறது. கூரை மூடப்படுகிறது, கைகள் வெறுமையாகத் தாழ்கின்றன. அடுத்து அதற்குக் கிடைப்பது சங்கிலியும் சவுக்கும் தீப்பந்தமும். மூளையைப் பற்றிக் கதாசிரியர் என்ன எழுதியிருப்பினும், கொடுமையை அது எவரிடம் கற்றது என்பதை நடிகரின் கைகள் சொல்லிவிடுகின்றன. ஏரிக்கரைக் காட்சியும் அத்தகையதே. சிறுமியொருத்தி பூக்களை நீரில் மிதக்க விட்டு விளையாடுகிறாள். அந்த உருவமும் மகிழ்ந்து உடன் விளையாடுகிறது. பூத் தீர்ந்ததும் அவளும் மிதப்பாள் என்றெண்ணி அவளை நீரில் எறிகிறது, மூழ்கியதும் பதறுகிறது. தணிக்கையாளர்கள் இதைக் கொடூரம் என்று வெட்டினார்கள். விளைவு யாது? சிறுமியை நோக்கி நீளும் கைகளோடு காட்சி அறுந்து, பின்னர் தந்தை அவள் பிணத்தைச் சுமந்து வருவதை மட்டுமே மக்கள் கண்டனர். இடையில் நிகழ்ந்ததைத் தத்தம் கற்பனையால் நிரப்பிக்கொண்டார்கள். அறியாமையால் நேர்ந்த விபத்து, வெட்டுக் கத்தரியால் வக்கிரமாயிற்று. வெட்டப்பட்ட பகுதி 1980களிலேதான் மீண்டும் சேர்க்கப்பட்டது.

இறுதியில் வருபவர் யார்? ஊர் மக்கள். கையில் தீப்பந்தமும் தடியும் நாய்களும். காற்றாலையொன்றினுள் அதனை அடைத்து உயிரோடு எரிக்கிறார்கள். ஊர் கூடி மனிதரை மரத்திற் கட்டி எரித்த நிகழ்ச்சிகள் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் அற்றுப்போகாதிருந்த காலத்திலே இப்படம் எடுக்கப்பட்டது. நெறியாளர் அதை எண்ணித்தான் எடுத்தாரோ என்று நான் வாதிட வரவில்லை. எரியும் ஆலையினுள்ளிருந்து எழும் அலறலைக் கேட்போர் எவரும் வெளியே நிற்கும் கூட்டத்தின் பக்கம் தம்மை நிறுத்திக்கொள்ள விரும்பார் என்பது மட்டும் உறுதி. 1935 இல் வேல் எடுத்த 'பிராங்கன்ஸ்ரைனின் மணமகள்' இன்னும் ஒரு படி மேற்செல்கிறது. அதிலே பூதத்துக்குப் பேச்சு மீண்டும் கிடைக்கிறது. கற்பிப்பவர் காட்டிலே தனித்து வாழும் குருடர். முகத்தைக் காண இயலாதவரிடம் அது முதன்முதலாக நட்பைப் பெறுகிறது. கண்ணுள்ள வேட்டைக்காரர் இருவர் அங்கு வந்ததும் அந்த வீடு தீப்பற்றி அழிகிறது.

கார்லொவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல மணி நேரம் ஒப்பனைப் பூச்சையும் பாரமான சப்பாத்துகளையும் சுமந்து உழைத்த இந்நடிகர், 1933 இல் ஹொலிவூட் நடிகர்கள் தமக்கெனத் தொழிற்சங்கம் அமைத்தபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவரானார். பூதத்தின் வேடத்தை நாள் முழுதும் சுமப்பவனுக்கு வேலை நேரத்தின் அளவு தெரிந்திருப்பது இயல்பே.

இடையில் வந்த 'வெள்ளை சொம்பி' (1932) என்னும் படத்தை விரைவாகக் கடந்து செல்லலாம். பெரும்பகுதி வெறும் மாயாஜாலம். ஆயினும் அதில் ஒரு காட்சி மறக்கவொண்ணாதது. ஹெயிற்றித் தீவின் கரும்பாலை. செத்தவர்கள் எழுப்பப்பட்டுச் செக்கைச் சுற்றுகிறார்கள். ஒருவன் தவறி இயந்திரத்துள் வீழ்கிறான். மற்றவர் நிற்கவில்லை, செக்கும் நிற்கவில்லை. செத்தும் விடுதலை இல்லை, பிணமாகியும் முதலாளிக்கு உழைக்க வேண்டும் என்னும் அச்சம் அத்தீவின் கறுப்பு அடிமைகள் பட்ட பாட்டிலிருந்து பிறந்தது. அமெரிக்கப் படைகள் ஹெயிற்றியை ஆக்கிரமித்திருந்த 1915க்கும் 1934க்கும் இடைப்பட்ட காலத்திலேதான் ஹொலிவூட் அந்த அச்சத்தையும் ஏற்றுமதிப் பொருளாக்கிற்று. நமது மலையகத் தோட்டங்களின் வரலாற்றைக் கற்றவருக்கு அச்செக்கின் ஓசையை விளக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

டொன் சீகல் 1956 இல் நெறிப்படுத்திய 'உடல் பறிப்போரின் படையெடுப்பு' வேறொரு வகையிற் கவனத்துக்குரியது. வேற்றுலகிலிருந்து வந்த விதைகளில் மனிதரின் மறுபதிப்புக்கள் முளைக்கின்றன. உறங்குவோர் உணர்ச்சியற்ற போலிகளாக மாறிவிடுகின்றனர். இது பொதுவுடைமைக்கு எதிரான படம் என்பர் ஒரு சாரார். மக்கார்த்தி கால அமெரிக்காவின் மந்தைத்தனத்தைச் சாடும் படம் என்பர் மற்றொரு சாரார். இரண்டுக்கும் படத்திலே சான்று உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது முடிவு. நெடுஞ்சாலையிலே, நில்லாது ஓடும் வாகனங்களின் நடுவே நின்று கதாநாயகன் கத்துவதோடு முடிவதாகவே சீகல் படத்தை அமைத்தார். தயாரிப்பாளர் அஞ்சினர். முன்னும் பின்னும் புதிய காட்சிகளை ஒட்டுவித்தனர். ஒட்டிய முடிவிலே மருத்துவர் ஒருவர் அவனை நம்பி, எப்.பி.ஐ. என்னும் மத்திய புலனாய்வுத் துறைக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுக்கச் சொல்கிறார். மக்கள் நிம்மதியாக வீடு திரும்பலாம். எந்த அலுவலகத்தை அழைத்தார்கள் பாருங்கள்! ஹொலிவூட் எழுத்தாளரையும் கலைஞரையும் வேவு பார்த்துக் கோவைகள் சேர்த்த அதே அலுவலகம். அண்டை வீட்டான் உண்மையான அமெரிக்கன்தானா என்று ஐயுறும்படி குடிமக்களைப் பழக்கியவர்களையே, அந்த ஐயத்திலிருந்து மீட்க வருபவராகக் காட்டினார்கள். பூதத்தைவிட அந்தத் தொலைபேசி என்னை அதிகம் நடுங்க வைத்தது.

இனி, இவ்வரிசையிலே நான் தலையாயது எனக் கருதும் படத்துக்கு வருகிறேன். 'நைற் ஒவ் த லிவிங் டெட்' என்பதை 'உயிர்த்த பிணங்களின் இரவு' எனலாம். ஜோர்ஜ் றொமேறோ என்னும் இளைஞர் தம் நண்பர்களோடு சேர்ந்து, பிற்ஸ்பேர்க் நகரை அண்டிய நாட்டுப்புறத்திலே, ஏறத்தாழ 114,000 டொலர் செலவிற் கறுப்பு வெள்ளையில் எடுத்து 1968 ஒக்ரோபரில் வெளியிட்டது. பெரிய ஸ்ரூடியோ எதுவும் பின்னால் இல்லை.

பிணங்கள் எழுந்து மனிதரைத் தின்கின்றன. பண்ணைவீடொன்றில் எழுவர் அகப்படுகின்றனர். அவருள் அறிவோடும் நிதானத்தோடும் செயற்படுபவன் பென் என்னும் கறுப்பு இளைஞன். கதவுகளுக்குப் பலகை அடிக்கிறான்; வானொலியைத் தேடி எடுக்கிறான்; அதிர்ச்சியில் உறைந்திருக்கும் பெண்ணைப் பேணுகிறான். ஹரி கூப்பர் என்னும் வெள்ளையினக் குடும்பத் தலைவனோ நிலவறைக்குள் ஒளிந்து கதவைத் தாழிட வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கிறான். வெளியே பிணங்கள், உள்ளே இவ்விருவரின் ஓயாத பூசல். படம் முழுவதிலும் பென்னின் நிறத்தைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வருவதில்லை. ஆயினும் ஹரியின் முகத்தைப் பார்ப்பவருக்கு அச்சொல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

பென்னாக நடித்த டுவேன் ஜோன்ஸ் இலக்கியங் கற்றவர். ஆசிரியத் தொழில் புரிந்தவர். நம் தொழிலைச் சேர்ந்தவர் என்று நாம் பெருமைப்படலாம். எழுத்திலே பென் பண்படாத பேச்சுடைய லொறிச் சாரதி. கறுப்பன் என்றும் எழுதப்படவில்லை. நடிப்புத் தேர்வுக்கு வந்தோருள் சிறந்தவர் என்பதற்காகவே ஜோன்ஸைத் தெரிந்ததாக றொமேறோ கூறினார். ஜோன்ஸோ கொச்சையான பேச்சை நீக்கித் தமது பாத்திரத்தைத் தாமே செம்மைப்படுத்தினார். ஒரு கறுப்பன் திரையில் எவ்வாறு பேசுவான் என மக்கள் எதிர்பார்ப்பார்கள் என்பதை அவர் அறிந்திருந்தார். அவ்வெதிர்பார்ப்புக்குத் தீனி போட மறுத்தார்.

இரவு கழிகிறது. எல்லோரும் மாண்டுபோகப் பென் ஒருவனே எஞ்சுகிறான். அதுவும், இரவெல்லாம் தான் எதிர்த்து வாதாடிய அதே நிலவறைக்குள் ஒளிந்து. (இந்த முரணைக் கவனியுங்கள். கோழையின் யோசனையே உயிர் காத்தது. தன் கதாநாயகனுக்குக்கூடச் சலுகை காட்டாத நேர்மை இது.) விடிகிறது. பறவைகளின் ஒலி. ஷெரீப்பின் தலைமையிலே துப்பாக்கி ஏந்திய ஊரார் வேட்டை நாய்களோடு வயல்வழியே வருகின்றனர், கோப்பி குடிக்கின்றனர், சிரித்துப் பேசுகின்றனர். நாய்களின் குரைப்பைக் கேட்டுப் பென் மேலே வந்து சாளரத்தின் வழியே எட்டிப் பார்க்கிறான். தூரத்தில் நிற்பவன் குறிபார்த்து நெற்றியிற் சுடுகிறான். விளித்துக் கேட்கவில்லை, பேசுகிறதா என்று பார்க்கவில்லை. பின்னர் அசையும் படம் நின்று, பத்திரிகைப் படங்கள் போன்ற நிழற்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இறைச்சிக் கொக்கிகளால் அவ்வுடல் இழுத்துச் செல்லப்பட்டு, பிணக்குவியலில் இடப்பட்டுக் கொளுத்தப்படுகிறது. 1931 இன் தீப்பந்தங்கள் இங்கே மீண்டும் எரிகின்றன.

முடிந்த படச்சுருளை வாகனத்திற் கொண்டு நியூயோர்க் நோக்கிச் செல்கையிலே மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட செய்தியை வானொலியிற் கேட்டதாக றொமேறோ பின்னாளிற் கூறினார். 1968 ஏப்பிரல் 4. படம் அக்கொலையைப் பார்த்து எடுக்கப்பட்டதன்று. அதற்கு முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது. சமூகத்தை உற்று நோக்கும் கலைஞன் தான் அறிந்து சொல்வதைவிட அதிகமாகச் சொல்லிவிடுவதுண்டு.

இப்படத்துக்கு நேர்ந்த வணிக விபத்தும் சுவையானது. விநியோகஸ்தர்கள் தலைப்பை மாற்றியபோது உரிமைக் குறிப்பைப் புதிய தலைப்பிற் சேர்க்க மறந்தார்கள். அன்றைய அமெரிக்கச் சட்டப்படி படம் அப்போதே பொதுச்சொத்தாயிற்று. எடுத்தவர்களுக்கு இது பெரிய அநீதி. அதை நான் மறைக்கவில்லை. எனினும் எவரும் எங்கும் கட்டணமின்றிக் காட்டலாம் என்பதால், படம் ஹலோவீன் தோறும் உலகெங்கும் பரவிற்று. எமது பாடசாலையின் உயர்தர வகுப்பு மாணவருக்கு நானும் அவ்வாறே காட்டினேன். பிணங்கள் வந்தபோதெல்லாம் பின்வரிசையிற் சிரிப்பொலி கேட்டது. அக்கால ஒப்பனை அவர்களுக்கு விளையாட்டாகப் பட்டது. இறுதிக் காட்சியிற் சிரிப்பில்லை. "அவரை ஏன் சேர் சுட்டவை? அவர் மனுசன் எண்டு பாத்தாத் தெரியாதே?" என்று ஒரு மாணவி கேட்டாள். விடை சொல்ல நான் வாயெடுக்கு முன்னரே, பக்கத்தில் இருந்தவள் அவளைத் திரும்பிப் பார்த்தாள். அவ்வளவில் வகுப்பு அமைதியாயிற்று. அந்த அமைதியின் காரணத்தை எம்மவர்க்கு நான் எழுதிக் காட்டத் தேவையில்லை.

ஜோன் காப்பென்ரர் 1978 இல் எடுத்த படம் விழாவின் பெயரையே தன் பெயராகக் கொண்டது. 'ஹலோவீன்' இளவேனிற் காலத்திலே கலிபோணியாவில் எடுக்கப்பட்டமையால் இலையுதிர்காலத்துச் சருகுகளுக்கு நிறம் தீட்டிப் பரப்பி, எடுத்து முடிந்ததும் பொறுக்கிச் சேர்த்து அடுத்த தெருவிலும் பரப்பினார்கள் என்பர். சிக்கனத்திலும் தொழிற்றிறனிலும் குறை சொல்ல இடமில்லை. கருத்திலேதான் எனக்குப் பிணக்கு. முகமூடி அணிந்த கொலைஞனுக்கு வரலாறு இல்லை, காரணம் இல்லை. அவன் தூய தீமை என்று மனநோய் மருத்துவரே சொல்லிவிடுகிறார். மருத்துவர் கையில் மருந்துக்குப் பதிலாகத் துப்பாக்கி. காரணமற்ற தீமை என்று ஒன்றை ஒப்புக்கொண்டுவிட்டால் சுடுவதைத் தவிர வேறு வழி எவருக்கும் தோன்றாது. இப்படத்தைப் பின்பற்றி வந்த எண்ணற்ற கொலைப்படங்கள் இந்தச் சோம்பேறித்தனத்தையே மூலதனமாக்கிக்கொண்டன.

ஆயினும் ஒரு காட்சிக்காக நான் இதை முற்றாகத் தள்ளிவிட மாட்டேன். கொலைஞனுக்குத் தப்பி ஓடும் இளம்பெண் அயல்வீட்டுக் கதவைத் தட்டிக் கதறுகிறாள். வாசல் விளக்கு எரிகிறது. திரையை விலக்கி எவரோ பார்க்கிறார். பின்னர் விளக்கு அணைகிறது. கதவைத் தட்டினால் திறக்க வேண்டிய இரவு அது. ஆண்டில் அந்த ஓரிரவு. அழகிய புல்வெளியும் வெள்ளை வேலியும் கொண்ட நடுத்தர வர்க்கத்துத் தெரு முழுவதையும் அந்த விளக்கு அணையும் ஓசையற்ற கணம் காட்டிக்கொடுத்துவிடுகிறது. காப்பென்ரர் இங்கே தம் கொள்கையைவிட நல்ல கலைஞராக இருக்கிறார்.

றொமேறோவின் முடிவுக்கு விடை வர ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் சென்றன. கறுப்பினக் கலைஞர் ஜோர்டான் பீல் 2017 இல் வெளியிட்ட 'கெற் அவுட்', ஏறத்தாழ 45 இலட்சம் டொலரில் எடுக்கப்பட்டு 25 கோடி டொலருக்கு மேல் ஈட்டியது. திரைக்கதைக்கு ஒஸ்கார் விருதும் பெற்றது. கிறிஸ் என்னும் கறுப்பு நிழற்படக் கலைஞன் தன் வெள்ளையினக் காதலியின் பெற்றோரைக் காணச் செல்கிறான். அவர்கள் முரட்டு இனவெறியர் அல்லர். படித்தவர், பண்பாளர், ஒபாமாவுக்கு மூன்றாம் முறையும் வாக்களித்திருப்போம் என்று தாமாகவே சொல்பவர். கறுப்பரின் உடல்களை ஏலத்திற் பெற்று, வயோதிப வெள்ளையரின் மூளைகளை அவற்றுட் பொருத்துவதே அவர்களின் தொழில். ஏலக் காட்சியில் ஒரு குரலும் எழுவதில்லை. பிங்கோ விளையாட்டுச் சீட்டுக்களை உயர்த்தி மௌனமாகவே விலை கூறுகிறார்கள். அடிமைச் சந்தையின் இரைச்சலைக்கூட நாகரிகமாக்கிக்கொண்ட தாராளவாதிகளை இதனிலும் கூர்மையாகக் காட்டிய வேறொரு படத்தை நான் அறியேன்.

முடிவிலே கிறிஸ் தப்பி வருகிறான். இரத்தம் தோய்ந்த கைகள். சுற்றிலும் வெள்ளையரின் பிணங்கள். காயமுற்ற காதலியின் மேற் குனிந்திருக்கிறான். அப்போது பொலிஸ் வாகனத்தின் நிறவிளக்கு அவன் முகத்தில் விழுகிறது. அவன் கைகளை உயர்த்துகிறான். ஒரு பேய்ப்படத்திலே காவலர் வருகை நிம்மதி தருவதே மரபு. இங்கே, அதுவரை கண்ட அத்தனையிலும் பெரிய அச்சம் அந்த விளக்கிலேதான் வருகிறது. பென்னுக்கு நேர்ந்ததை அறிந்தவர்கள் மூச்சடக்கிக் காத்திருக்கிறார்கள். வாகனக் கதவு திறக்கிறது. இறங்குபவன் கிறிஸின் நண்பன். விமான நிலையப் பாதுகாப்பு ஊழியன்.

பீல் முதலில் எழுதி எடுத்த முடிவு இதுவன்று. வருபவர் பொலிஸார், கிறிஸ் சிறையில் அடைக்கப்படுகிறான். கறுப்பர் கொலைகள் நாள்தோறும் செய்தியாகிய பின்னர், மக்களுக்கு விடுதலையுணர்வு ஒன்று வேண்டும் எனக் கருதி மாற்றியதாக அவர் விளக்கினார். டுவேன் ஜோன்ஸோ அன்று இதற்கு மாறாகவே நினைத்தார். பொய்யான முறையிற் பென் காப்பாற்றப்படுவதிலும் அவன் சாவதையே தம் மக்கள் விரும்புவர் என்று வாதாடியதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். இருவருள் எவர் பக்கம் நிற்பது? நான் நெடுநாள் ஜோன்ஸின் பக்கமே நின்றேன். இப்போது அத்துணை உறுதியில்லை. விளக்கைக் கண்டு நடுங்கிய கணத்திலேயே பீல் தம் வழக்கை வென்றுவிட்டார். அதன்பின் வரும் மகிழ்ச்சி அந்நடுக்கத்தை அழித்துவிடவில்லை. எனினும் நண்பன் ஒருவன் தற்செயலாக உரிய நேரத்தில் வந்து சேர்ந்தமையால் ஒருவன் பிழைத்தான். விளக்குப் பூட்டிய மற்றை வாகனங்கள் அப்படியே இருக்கின்றன என்னும் உறுத்தல் தீரவில்லை.

பழைய முடிவும் இப்படத்தின் இறுவட்டிலே தனியாகச் சேர்க்கப்பட்டுள்ளது. கதையைச் சொல்லி, இரு முடிவுகளையும் மாணவருக்குப் போட்டுக் காட்டினேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. மணி அடித்த பின்னும் வாதம் ஓயவில்லை. அடுத்த பாடத்துக்கு வந்த கணித ஆசிரியர் வாசலிற் காத்து நிற்க நேர்ந்தது.